கதவருகே நின்றவர்

அக்கா தொலைபேசியில் எண்களைக் கேட்டு எழுதும்போது கண்களை மூடிக்கொள்வார். பேனா மட்டும் தாளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். வரி கோணாது, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஹென்டர்சனில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். கீழே சக்கரங்களைக் கழற்றும் இயந்திரம் அடிக்கடி அலறும். அந்த இரைச்சலிலும், பூமியின் மறுபக்கத்தில் பனிக்குள் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் முணுமுணுக்கும் எண்ணை அவரால் பிசகாமல் பிடிக்க முடிந்தது. ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கண் திறந்திருந்தா இந்த அறைதான் தெரியும், பிள்ளை. மூடினாத்தான் அவையின்ட அறை தெரியும்" என்றார். அப்போது அது எனக்கு ஓர் அழகான பேச்சாக மட்டுமே பட்டது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டின் தொடக்கம். அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன், கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்கள் மாநிலம் மாநிலமாக நடந்துகொண்டிருந்தன. சில மாநிலங்களில் வாக்குச்சாவடி திறந்து ஓட்டுப் போடுவார்கள், அது பிரைமரி. வேறு சில மாநிலங்களில் ஊர்க்காரர்கள் ஒரு மாலை வேளையில் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ, சின்ன ஊரென்றால் யாராவது ஒருவருடைய வீட்டு முன்னறையிலோ கூடி, அங்கேயே தலை எண்ணி முடிவு சொல்வார்கள், அது காக்கஸ். எங்களிடம் வேலை கொடுத்திருந்த அமெரிக்கச் செய்தித் தளத்துக்கு மாநில முடிவு போதவில்லை. ஒவ்வொரு சின்ன வட்டாரமும் யார் பக்கம் நின்றது என்று வரைபடத்தில் நிறம் காட்ட வேண்டும். பெரிய ஊர்களின் கணக்கு இணையத்தில் வந்துவிடும். இருபது வீடு, முப்பது வீடு உள்ள ஊர்களின் கணக்கு அந்த ஊர்ச் செயலாளரின் சட்டைப் பையில் இருக்கும் ஒரு துண்டுத்தாளில்தான் இருக்கும். அதை ஒருவர் தொலைபேசியில் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒருவர் அக்கா. அவர் கேட்டு எழுதுவதை நானும் இன்னொரு ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்து, வரைபடத்தில் நிறம் இடுவேன். முடிவு வராத இடம் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

அவர்களுடைய செவ்வாய்க்கிழமை மாலை எங்களுக்குப் புதன்கிழமை பிற்பகல். அதனால்தான் இந்த வேலை ஆக்லாந்துக்கு வந்தது. எங்கள் ஜன்னலில் கோடை வெயில் பளீரென்று அடிக்கும். ஹெட்போனில் பனிக்காற்று ஊளையிடும். "நாங்கள் நேற்றோட கதைக்கிறம்" என்று அக்கா சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எங்கள் முதலாளி மலேசியத் தமிழர். பாஸ் என்றுதான் இருவரும் அழைப்போம். சாம்பல் நிறத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மேப்புல ஓட்டை இருந்தா பாக்குறவன் அதைத்தாம்மா மொதல்ல பாப்பான். முழுசா அனுப்பணும்லா" என்பார். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நகரின் தென்புறத்தில் தகனினியில் ஒரு புதுக் குடியிருப்பில் பதினான்கு வயது மகளோடு இருந்தார். நான் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்து பாபடோயிட்டோயில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். மாலையில் இருவரும் ஒரே ரயிலில் திரும்புவோம். அவருடைய கணவர் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர் என்பதை அந்த ரயிலில்தான் தெரிந்துகொண்டேன். சனத்தோடு சனமாக நடந்துகொண்டிருந்தபோது, விட்டுவந்த ஒரு பையை எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனவர். அவ்வளவுதான். பிணத்தைக் கண்டவர்கள் இல்லை. உயிரோடு கண்டவர்களும் இல்லை.

அந்தப் புதன்கிழமை வட எல்லையோரத்து மாநிலம் ஒன்றில் காக்கஸ். மூன்று மணிக்கெல்லாம் வரைபடம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. மூலையில் ஓர் ஏரியை ஒட்டி விரல்நகம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் சாம்பலாக மிஞ்சியது. எங்களிடம் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய செயலாளர் பட்டியல். அக்கா அதிலிருந்த எண்ணை மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. பாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் நின்றார். நான்காவது முறை எடுத்தார்கள்.

வயதான ஆணின் குரல். மூச்சு சற்று இரைத்தது. ஆனால் பேச்சில் தடுமாற்றமே இல்லை. "உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். அவருக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. யாரோ இருமினார்கள். கூட்டம் முடிந்துவிட்டதா என்று அக்கா கேட்டார். இதோ எண்ணுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார் பெரியவர். எங்களுக்கு வேண்டியது இரண்டு எண்கள் மட்டும். அவரோ ஒவ்வொருவர் பெயராகச் சொல்லத் தொடங்கினார். ஒரு பெயர், பிறகு அமைதி, பிறகு, "கை உயர்த்தியிருக்கிறார்." அடுத்த பெயர், அமைதி, "இவர் மற்றவர் பக்கம்." அக்கா அவரை இடைமறிக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு பெயர்களையும் எழுதினார். கடைசியாக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லும்போது மட்டும் பெரியவரின் குரல் தாழ்ந்து குழைந்தது. பதினொரு பேர். ஒருவருக்கு ஏழு, மற்றவருக்கு நான்கு.

"பனி கொட்டுகிறது. ஆனாலும் ஒருவர்கூட விடுபடாமல் வந்துவிட்டார்கள்" என்றார். அக்கா நன்றி சொல்லி முடிக்கப் போகும்போது, "ஒரு சந்தேகம், அம்மா" என்றார். "கதவருகே ஒருவர் நிற்கிறார். எங்கள் ஊர்க்காரர் இல்லை. கறுத்த மனிதர். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். பெயர் கேட்டாலும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவரையும் எண்ணிவிடவா?"

அக்கா கண்களைத் திறந்தார். தொலைபேசியில் இருக்கும்போது அவர் கண் திறந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. பேனா தாளில் ஊன்றிய இடத்தில் மை ஊறிப் பரவியது. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களை மட்டும்தான் எண்ண வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் அதைச் சொல்லவில்லை. "வேண்டாம்" என்று முதலில் தமிழில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், கெஞ்சுகிற குரலில், "தயவுசெய்து அவரை எண்ணாதீர்கள்" என்றார்.

"சரி, அம்மா. பதினொன்றோடு முடித்துவிடுகிறேன்." தொலைபேசி வைக்கப்பட்டது.

நான் அந்த விரல்நகத்துக்கு நிறம் இட்டேன். பாஸ் கைதட்டினார். வரைபடம் முழுசாக அமெரிக்காவுக்குப் போயிற்று.

ரயிலில் அக்கா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு படிவத்தைக் காட்டினார். கணவருக்கு மரணச் சான்றிதழ் கேட்டு மனைவி கையெழுத்திட வேண்டிய படிவம். கணவரின் தம்பி ஊரிலிருந்து அனுப்பியிருந்தார். அக்கா சனிக்கிழமை ஒரு ஜே.பி. முன்னால் கையெழுத்து வைப்பதாக முடிவு செய்திருந்தார். கையெழுத்துக்குச் சாட்சி சொல்லும் அந்த அதிகாரி அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அக்கா என்னையும் கூட வரச் சொன்னார். "தனியப் போய் வைக்கிற கையெழுத்தில்லை இது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கதவடியில நிண்டவர் ஆரெண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"பக்கத்து ஊர்க்காரங்க யாராவது இருக்கும்க்கா" என்றேன்.

"ஓம்" என்றார். ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை, வழக்கப்படி, சின்ன ஊர்களின் முடிவுகளை அந்தந்த மாவட்டக் கட்சி அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். அக்கா ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தார். அந்த ஏரிக்கரை ஊரின் பெயரைச் சொன்னதும் எதிர்ப்பக்கத்திலிருந்த பெண் அதிகாரி, அங்கே கூட்டமே நடக்கவில்லையே என்றார். அங்கே ஊரே இல்லை. ஏரி வருடாவருடம் ஏறி வந்து வயல்களை எடுத்துக்கொண்டது, பிறகு வீடுகளை. இரண்டு வருடங்களுக்கு முன் மிச்சமிருந்த குடும்பங்களும் கிளம்பிவிட்டன. அந்த வட்டாரத்தைப் பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்தாகிவிட்டது. யாரோ உங்களிடம் விளையாடியிருக்கிறார்கள் என்றார்.

அக்கா பெயர்களை வாசித்தார். மூன்றாவது பெயரிலேயே அந்தப் பெண் தாள்களைப் புரட்டும் ஓசை கேட்டது. பதினொன்றும் முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பெயர்கள் என்னிடமும் இருக்கின்றன. வேறொரு பட்டியலில். தண்ணீர் வருமுன் அந்த ஊர் இடுகாட்டை மேட்டு நிலத்துக்கு மாற்றினோம். அங்கிருந்து தோண்டி எடுத்து மாற்றப்பட்டவர்களின் பட்டியல் அது."

கீழே இயந்திரம் அலறி ஓய்ந்தது. அந்தப் பெண்ணே பிறகு விளக்கமும் தந்தார். அந்த ஊரின் செயலாளராக நாற்பது வருடம் இருந்தவர் இப்போது மாவட்டத் தலைநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பழைய தொலைபேசி எண்ணையும் தன்னோடு கொண்டுவந்துவிட்டார். மறதி நோய் முற்றிவிட்டது. கடைசியாக அவர் சொன்ன பெயர் அவருடைய மனைவியின் பெயர்.

ஆக, எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. முதியோர் இல்லத்தில் நாற்காலி இழுபடும், யாராவது இருமுவார்கள். நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அக்கா மட்டும் தன் கையெழுத்தில் இருந்த பதினொரு பெயர்களைப் பார்த்தபடி இருந்தார். "நேற்று நான் ஓம் எண்டு சொல்லியிருந்தா, பன்னிரண்டு" என்றார்.

பாஸிடம் போனார். வரைபடத்தில் அந்த இடத்தை மறுபடி சாம்பலாக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் தவறைச் சொல்ல வேண்டும் என்றார். பாஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதினோரு ஓட்டும்மா. மாநிலத்துல ஒன்னும் மாறப்போறதில்ல. சொன்னோம்னா அடுத்த மாநிலத்துக்கு நம்பள கூப்பிடுவாங்களா? பேசாம விடுங்கலா." அக்கா அசையவில்லை. "செத்த ஆக்களை உயிரோட இருக்கினம் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறம். நான் விடமாட்டன்." பாஸ் என் பக்கம் திரும்பினார். "நீயும்தானம்மா கேட்ட? பேச்சுல ஏதாவது கோளாறு தெரிஞ்சுதா?"

எல்லாம் தெரிந்தது. பெயர் பெயராகச் சொன்னது, கதவருகே நின்றவர், அக்கா கண் திறந்தது. ஆனால் என் விசா அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. "லைன் சரியா கேக்கல, பாஸ்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பிற்பகல் அவரே வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதினார். பிறகு அந்த முதியோர் இல்லத்தை அழைத்தார். வேலைக்காக அல்ல. மாடிப்படியில் உட்கார்ந்து தன் சொந்தத் தொலைபேசியில் பேசினார். நான் சொன்ன பொய்யின் பாரத்தோடு இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, ஸ்பீக்கரைப் போட்டார். எடுத்தவர் மாலை நேரப் பணியாளர். ஏதோ ஒரு தூரதேசத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர். நாட்டைச் சொன்னார், எங்கள் இருவருடைய நாடும் அல்ல. முன்தினம் மாலை கதவருகே நின்றது நீங்களா என்று அக்கா கேட்டார்.

"நீங்கள்தான் அந்த அம்மாவா?" என்றார் அவர். குரல் தணிந்தது. "இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் சாயங்காலமானால் ஆட்களை எண்ணுவார். வெறும் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போடச் சொல்வார். பிறகு என் பெயரைக் கேட்பார். எனக்கு ஏனோ சொல்ல மனம் வரவில்லை. கதவைத் தாண்டியும் போகமாட்டேன். நேற்று உங்களிடம் பேசிய பிறகு என்னைப் பார்த்து, 'உன்னை எண்ண வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள், நீ போகலாம்' என்றார். இன்று அவர் என் பெயரைக் கேட்கவேயில்லை." கொஞ்சம் தயங்கி, "நன்றி, அம்மா" என்றார்.

அக்கா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வாய்விட்டு அல்ல. நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "பாஸ்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்க்கா" என்றேன். "தெரியும். உங்கட விசாவும் எனக்குத் தெரியும்" என்றார். என் கையைத் தட்டிவிடவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

சனிக்கிழமை சொன்னபடி தகனினிக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் படிவம் விரித்து வைக்கப்பட்டிருந்தது, மேலே பேனா. ஜே.பி.யிடம் போக நேரம் குறித்திருந்தது. அக்கா உட்கார்ந்தே இருந்தார். மகள் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு, "ஜஸ்ட் சைன் இட், அம்மா. எவ்ரிபடி நோஸ்" என்றாள்.

"எல்லாருக்கும் தெரியுமெண்டா, பாத்தது ஆர்?" என்றார் அக்கா.

"யூ ஆல்வேஸ் சே தட்."

"அவரையும் எண்ணட்டோ எண்டு என்னைக் கேட்டவை, பிள்ளை. வேண்டாமெண்டு நான் சொல்லிப்போட்டன். இனி என்ர கையால எண்ணமாட்டன்."

மகளுக்கு எதுவும் புரிந்திருக்காது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா படிவத்தை மடித்து உறையில் போட்டார். முதியோர் இல்லத்துப் பணியாளர் உயிரோடு இருப்பதால் அக்காவின் கணவரும் உயிரோடு இருக்கிறார் என்று ஆகிவிடாது. அது அக்காவுக்குத் தெரியாமலில்லை. நான் வாயைத் திறந்தபோது அவரே, "அது வேற, இது வேற எண்டு எனக்கு விளங்குது. ஆனா கேட்ட நேரம் என்ர வாயில என்ன வந்தது எண்டும் எனக்குத் தெரியும்" என்றார்.

வாடிக்கையாளர்கள் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார்கள். தொலைபேசி வேலையை அடுத்த மாதமே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்கு வேலை இருந்தது, அக்காவுக்கு இல்லாமல் போயிற்று. பாஸ் வருந்தித்தான் அனுப்பினார். கடைசி நாளன்று அக்கா அந்தப் பதினொரு பெயர் எழுதிய தாளை எங்களிடம் விடாமல் தன்னோடு கொண்டுபோனார். நான் தனியாக ரயிலில் வரத் தொடங்கினேன். அக்காவோடு ஒன்றிரண்டு முறை தொலைபேசியில் பேசினேன். பிறகு வெட்கத்தால் குறைத்துக்கொண்டேன்.

நான்கு வருடம் கழித்து மறுபடி பிரைமரி, காக்கஸ் என்று தொடங்கியது. அதற்குள் எனக்கு நிரந்தர விசா கிடைத்து, நகர மையத்தில் வேறு நிறுவனத்தில் இருந்தேன். அங்கும் வரைபட வேலைதான், ஆனால் யாரும் யாரையும் அழைப்பதில்லை. முடிவுகள் தாமாக வந்து தாமாக நிறம் பெறும். அந்த மாநிலம் வந்த அன்று மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்நகம் அளவு இடத்தை எடுத்துவிட்டு ஏரியை நீட்டியிருந்தார்கள். நீலம். சாம்பலாக விடக்கூட அங்கே ஒன்றும் இல்லை.

அந்த வாரமே பாபடோயிட்டோயில் ஒரு மளிகைக் கடை வாசலில் அக்காவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். முடி நரைத்திருந்தது. மகள் அம்மாவைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தாள். இரண்டு கையிலும் காய்கறிப் பை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் தொலைபேசி அடித்தது. எண் தெரியாத அழைப்பு. "ஹலோ" என்றார். பதில் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ஓம், நான்தான். அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். பிறகு எதுவும் பேசாமல் காதில் வைத்தபடி நின்றார்.

பேருந்து ஒன்று வந்து போயிற்று. கடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். மகள் அவசரப்படுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பைகளை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு வெயில் படாதபடி சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள். என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, தடுமாறிய தமிழில் சொன்னாள்:

"கொஞ்சம் நில்லுங்கோ, ஆன்ட்டி. அம்மா ஒருநாளும் தானா முதல் ஃபோனைக் கட் பண்ணமாட்டா."